பழைய பென்ஸ் இ-கிளாஸ் வேகன் வாங்கப் போகிறவர்களுக்கு: பின்பாதியிலிருந்து பாருங்கள்

இது மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸின் எஸ்212 ஸ்டேஷன் வேகனைப் பற்றியது, அதாவது கூரை டிக்கியின் கடைசி வரை நீளும் வகை. 2009 கடைசியில் விற்பனைக்கு வந்து, 2013-இல் முகப்பு மாற்றப்பட்டு, 2016 வரை தயாரான வண்டி. சொகுசான இருக்கை, வீட்டையே காலி செய்து ஏற்றலாம் போன்ற டிக்கி, நீண்ட பயணத்தில் அலுப்பே தெரியாத ஓட்டம். இவ்வளவும் புது விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: வண்டியின் விலை இறங்கியிருக்கிறது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை.

பெரும்பாலானவர்கள் இதை செடான் பார்ப்பது போலவே பார்க்கிறார்கள். பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார்கள், இருக்கைத் தோல் கிழிந்திருக்கிறதா என்று தடவுவார்கள், ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். வேகனுக்கென்றே உள்ள பாகங்கள் எல்லாம் பின்னால் இருக்கின்றன. பின்சக்கர ஏர் சஸ்பென்ஷன், தானாகத் திறக்கும் டிக்கிக் கதவு, அதற்குள் ஓடும் ஒயர்கள், நீளமான கண்ணாடிக் கூரை, தரைக்கு அடியில் உள்ள குழி. கையைக் கடிக்கும் செலவுகள் பலவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். செலவில்லாத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன். மெக்கானிக்குக்கும் லிஃப்ட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியவை கடைசியில் வரும்.

1. இன்ஜினை முதலில் முடிவு செய்யுங்கள்

டீசலில் இரண்டு குடும்பங்கள். இ 200, 220, 250 சிடிஐ வண்டிகளில் இருப்பது ஓஎம்651 என்கிற 2.1 லிட்டர் நான்கு சிலிண்டர். 300, 350 என்று வருபவற்றில் ஓஎம்642 என்கிற 3.0 லிட்டர் வி6 (ஒரு விதிவிலக்கு: 300 புளூடெக் ஹைப்ரிட், அது நான்கு சிலிண்டர்). பெட்ரோலில் ஆரம்ப வருடங்களில் 1.8 லிட்டர் எம்271 இவோ, முகப்பு மாறிய பிறகு 2.0 லிட்டர் எம்274. பெட்ரோல் வி6 வேண்டுமென்றால் 2011-க்குப் பிந்தைய எம்276-ஐத் தேடுங்கள்.

தினமும் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவர்கள் டீசலைத் தொடாதீர்கள். புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி சூடாகிச் சிறிது நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். குட்டிக் குட்டிப் பயணங்களில் அது பாதியிலேயே நின்றுபோய் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். நெடுந்தூரக்காரர்களுக்கு என் தேர்வு, முகப்பு மாறிய பிறகு வந்த 220 அல்லது 250. வி6 டீசலின் இழுவை சுகமானது, ஆனால் அதன் பராமரிப்புக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வாங்க வேண்டும். 2009 முதல் 2011 வரையான 250 சிடிஐ என்றால், ஆரம்பகால பீசோ இன்ஜெக்டர்களை (டீசலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை தொல்லை கொடுத்ததால் பிற்பாடு சோலினாய்டு வகைக்கு மாறினார்கள். பில் இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம், வேறு கிடைக்கும்.

2. உரிமையாளர்கள் சொல்வதைச் சலித்து எடுங்கள்

இந்த வண்டியை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஒருவர் "தங்கமான வண்டி" என்பார், அடுத்தவர் "பணம் தின்னும் பூதம்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு அவர்கள் கருத்தை எடைபோடுங்கள்: எந்த இன்ஜின், எந்த வருடம், உங்கள் கையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வேலையை எங்கே செய்கிறீர்கள்?

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவரின் பாராட்டுக்கும் திட்டுக்கும் மதிப்பில்லை. வண்டியைத் தாழ்த்தி 19 அங்குல ரிம் போட்டவர் "சவாரி கரடுமுரடாக இருக்கிறது" என்றால் அதையும் கழித்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்: பின் ஏர் பெல்லோஸ் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ள ரப்பர் காற்றுப்பை), இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பாகம்), ஸ்டியரிங் லாக், டிக்கிக்குள் நீர்க்கசிவு. இந்த நான்கையும் பற்றிக் கேட்டால் விற்பவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "பெல்லோஸ் மாற்றினேன், பில் இதோ" என்பவரின் வண்டி, "இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை" என்பவரின் வண்டியைவிட நல்ல பேரம். "பிரச்சினையே இல்லை" என்பவரிடம் கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி போடுங்கள். "அதெல்லாம் ஆயுளுக்கும் போதும்" என்று பதில் வந்தால், அந்த வேலை உங்கள் தலையில்தான்.

3. நேரில் போகும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

பயணச் செலவு செய்யும் முன்பே இவற்றைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். தர மறுப்பவரை நேரில் பார்ப்பதில் பயனில்லை.

முதலாவது, 17 எழுத்து சேஸிஸ் நம்பர். முன்கண்ணாடியின் கீழ்மூலை, கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், வலது முன்சீட்டருகே கம்பளத்துக்கு அடியில் தரையில் பொறித்தது என்று மூன்று இடங்களில் இருக்கும். மூன்றும் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஐரோப்பிய முறையில் எண்ணிட்ட வண்டிகளில் 212-க்கு அடுத்த இலக்கம் 2 என்றால் வேகன், 0 என்றால் செடான். அமெரிக்கச் சந்தைக்குப் போனவற்றில் எழுத்து முறை வேறு.

இந்த நம்பரை வைத்து வண்டி ஆலையிலிருந்து என்னென்ன வசதிகளோடு வந்தது என்ற பட்டியலை எடுக்கலாம். அதில் மூன்றிலக்கக் குறியீடுகள் இருக்கும். 413 என்றால் பனோரமா என்கிற கண்ணாடிக் கூரை, 550 என்றால் டிரெய்லர் கொக்கி, 489 என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஏர்மாட்டிக் என்கிற ஏர் சஸ்பென்ஷன். பட்டியலில் 550 இல்லாமல் வண்டியில் கொக்கி இருந்தால் யாரோ பிறகு பொருத்தியிருக்கிறார்கள். அதை ஆவணத்தில் சேர்த்தார்களா, ஒயரிங்கை எப்படி இழுத்தார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, சர்வீஸ் வரலாறு. இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தலைமுறை வண்டிகளின் சர்வீஸ் பதிவு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கும். முத்திரை குத்திய புத்தகம் இல்லை என்பது குற்றமில்லை. ஆனால் "புத்தகமே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்று வாயால் சொல்வது ஆவணமாகிவிடாது. உரிமையாளர் டீலரிடம் அச்சுப்படி கேட்டு வாங்கலாம், அதை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் தேதியும் கிலோமீட்டரும் ஏறுவரிசையில் போகிறதா, இடையில் இரண்டு மூன்று வருட வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளி மெக்கானிக்கிடம் செய்தவற்றுக்குப் பில் வேண்டும். பில்லில் எந்தத் தர ஆயில் என்பது எழுதியிருந்தால் இன்னும் நல்லது. பார்ட்டிகுலேட் ஃபில்டர் உள்ள டீசல்களுக்கு எம்.பி. (மெர்சிடிஸ் பென்ஸ்) 229.51 அல்லது 229.52 தரம் வேண்டும்.

மூன்றாவது, ரீகால் நிலை. டக்காட்டா ஏர்பேக், டீசல் புகை மென்பொருள் போன்றவற்றுக்காக வண்டி திரும்ப அழைக்கப்பட்டிருக்கலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் டீலரே சொல்லிவிடுவார், காசில்லை.

கடன் பாக்கி இல்லை என்ற சான்று, எத்தனை கை மாறியது, கடைசிப் புகைச் சோதனை ஆகியவை எந்தப் பழைய வண்டிக்கும் பார்ப்பவைதான். இரண்டு சாவிகளும் இருக்கின்றனவா என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள். புதுச் சாவி சேஸிஸ் நம்பரின் பேரில், உரிமைச் சான்றைக் காட்டி ஆர்டர் செய்து வரவழைக்க வேண்டியது. தெருமுனையில் வெட்டித் தர மாட்டார்கள்.

4. ஏர் சஸ்பென்ஷனை டேப் வைத்து அளந்து பாருங்கள்

எஸ்212 வேகன் எல்லாவற்றிலும் பின்சக்கரங்களில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் ஏர் பெல்லோஸ்தான். எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின்பக்கம் ஒரே உயரத்தில் நிற்பதற்கான ஏற்பாடு இது. "என் வண்டியில் ஏர்மாட்டிக் இல்லை, அதனால் அந்தத் தொல்லையும் இல்லை" என்று விற்பவர் சொன்னால் முன்பக்கத்துக்குத்தான் அது பொருந்தும்.

ரப்பர் வயதாகி மடிப்புகளில் வெடிக்கும். முதலில் மிக மெல்லிய கசிவு. இரவில் இறங்கிய உயரத்தைக் காலையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் மீண்டும் ஏற்றிவிடும், ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. கசிவு கூடக் கூட கம்ப்ரசர் அதிக நேரம் ஓடி, சூடாகி, ஒருநாள் எரிந்துபோகும். சில சமயம் அதன் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டு கம்ப்ரசரை நிற்கவிடாமல் ஓட்டியே கொன்றுவிடும். பெல்லோஸ் ஒரு செலவு. அதைத் தள்ளிப்போட்டால் கம்ப்ரசர் இரண்டாவது செலவு.

போகும் முன்பே இதைச் செய்யச் சொல்லலாம். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து, இரு பக்கமும் படம் எடுக்க வேண்டும். மாலையில் ஒரு முறை. மறுநாள் காலை, வண்டியின் கதவைக்கூடத் திறக்காமல் இன்னொரு முறை. குளிரில் காற்று சுருங்குவதால் சில மில்லிமீட்டர் குறைவது இயல்பு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் இறங்கினாலோ கசிவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பெல்லோஸ். இரண்டும் சேர்ந்து இறங்கினால் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் குழாய் இணைப்புகளையும் சந்தேகிக்கலாம்.

நேரில் போனதும் இரண்டாவது சோதனை. இன்ஜின் ஓடட்டும். மூன்று பெரியவர்கள் பின்சீட்டில் ஏறி எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் மூடிக்கொள்ளுங்கள், கதவு திறந்திருந்தால் அது உயரத்தைச் சரிசெய்யாமல் காத்திருக்கும். வெளியே ஒருவர் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமிழ்ந்த பின்பக்கம் சிறிது நேரத்தில் நிமிர வேண்டும். நிமிராவிட்டாலும், நிமிர்ந்த பிறகு கம்ப்ரசர் முனகல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாலும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெல்லோஸ் மாற்றுவதாக இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள், கூடவே ரிலேயையும் போட்டுவிடுங்கள், அது மலிவு. வேலை கடினமில்லை, ஆனால் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: புது பெல்லோஸைப் பொருத்திவிட்டு, காற்று நிரப்பாமலேயே வண்டியைத் தரையில் இறக்கிவிடுகிறார்கள். காற்றில்லாத ரப்பர் தப்பாக மடிந்து நசுங்கி முதல் நாளே கிழிந்துவிடும். முதலில் ஸ்கேனர் மூலம் காற்றேற்றி, பிறகுதான் எடையை வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே அவருக்கு இந்த வண்டி பழக்கமா என்பது தெரிந்துவிடும்.

சிலர் பெல்லோஸைத் தூக்கிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுவிடுகிறார்கள். அப்படி மாற்றிய வண்டியை நான் வாங்க மாட்டேன். சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எச்சரிக்கைச் செய்தியை மென்பொருளில் மறைத்தும் வைத்திருப்பார்கள்.

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங்கின் எஃப்11 மாடலைப் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் படி அப்படியே பொருந்தும். அதிலும் பின்னால் ஏர் ஸ்பிரிங்தான்.

5. டிக்கி, அதன் கதவு, கூரை

டிக்கிக் கதவை மூன்று முறை தொடர்ந்து திறந்து மூடுங்கள். ஒரு தடவை சாவியில், ஒரு தடவை உள்ளே உள்ள சுவிட்சில், ஒரு தடவை கதவிலுள்ள பொத்தானில். முதல் முறை நன்றாக ஏறி, மூன்றாவது முறை பாதியில் தொங்கினால் தூக்கும் அமைப்பு களைத்துவிட்டது என்று அர்த்தம். கதவு மேலே இருக்கும்போது கீல் பக்கத்து ரப்பர் உறையை விலக்கி உள்ளே ஓடும் ஒயர்களைப் பாருங்கள். வருடக்கணக்கில் மடிந்து விரிந்து அவை அங்கேதான் அறுபடும். பின்வைப்பர் நின்றுபோவது, நம்பர் பிளேட் விளக்கு விட்டு விட்டு எரிவது, டிக்கிப் பூட்டு சொன்னபடி கேட்காதது எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே இடத்துக் கோளாறு. பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. கழன்றிருந்தால் நீங்கள் பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் தண்ணீர் வண்டிக்குள் ஓடும்.

அடுத்து தரை. விற்பவர் வைத்திருக்கும் சாமான்களை எடுக்கச் சொல்லி, தரைப் பலகைகளையெல்லாம் தூக்குங்கள். குழியின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம், வெள்ளைப் படிவு, துரு, பூஞ்சை வாசனை ஏதாவது ஒன்று இருந்தாலும் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. டெயில் லேம்ப் கேஸ்கெட், டிக்கி ரப்பர், பனோரமா கூரையின் வடிகால் குழாய்கள் என்பதே வழக்கமான வரிசை. கூரையின் நான்கு மூலையிலும் வடிகால் உண்டு. தூசியும் இலையும் அடைத்தால் மழைநீர் தூண்களுக்குள் வழிந்து இறங்கும். டிக்கியின் பக்கச் சுவர்களுக்குள் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருப்பதால் இது வெறும் கம்பளம் நனையும் விஷயமாக நின்றுவிடாது. பனோரமா கூரை இருந்தால் முழுதாகத் திறந்து, மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்.

பின்சீட்டை மடிக்கும் கைப்பிடிகளை டிக்கிப் பக்கத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். மடக்காமல் 695 லிட்டர், மடக்கினால் 1,950 லிட்டர் என்பது இந்த வண்டியை வாங்குவதற்கே காரணம், அது வேலை செய்ய வேண்டாமா? சுருள் திரையும், சாமான் முன்னால் பாயாமல் தடுக்கும் வலையும் சேர்ந்த கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டுத் தொலைத்திருப்பார்கள். தனியாக வாங்கப் போனால் விலையைக் கேட்டு மலைத்துப்போவீர்கள்.

6. குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்

"நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல்நாளே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாவியைச் செருகியதும் ஸ்டியரிங் பக்கம் ஒரு சிறு மோட்டார் சத்தம் கேட்கும். ஸ்டியரிங் லாக் விடுபடும் சத்தம் அது. அந்த மோட்டார் தேய்ந்து நிற்கும்போது சாவி திரும்பாது, டேஷ்போர்டு இருட்டாகவே இருக்கும், வண்டி நின்ற இடத்திலிருந்து நகராது. நான்கைந்து தடவை சாவியை எடுத்துச் செருகுங்கள். ஒரு தடவை சத்தம் தாமதமானாலும் அந்தப் பாகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. முழுதாக நிற்கும் முன் மாற்றுவது எளிது. நின்ற பிறகு மாற்றினால் செலவும் இழுபறியும் கூடும்.

ஸ்டார்ட் ஆன முதல் ஐந்து நொடிகள்தான் முக்கியம். எம்271 இவோவில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயினும் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) கேம் அட்ஜஸ்டர் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். எம்276-இல் ஓரிரு நொடி சலசலப்பு செயின் டென்ஷனர்களால் வரும். எம்274-இல் இன்ஜின் முன்புறம் உள்ள கேம் மேக்னெட் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அது ஒயர் வழியாக ஊர்ந்து மற்ற இணைப்புகளுக்கும் போகும், விட்டுவைத்தால் பெரிய வேலையாகிவிடும். ஓஎம்651-இல் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது பின்னால் இருக்கிறது. அதிக தூரம் ஓடிய வண்டியில் அங்கிருந்து சத்தம் வந்தால் விலகிவிடுவது நல்லது.

ஓஎம்642 டீசலில் மூன்று இடங்கள். வி வடிவத்தின் பள்ளத்துக்குள் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல்கள் கெட்டியாகிக் கசிந்தால் ஆயில் பின்பக்கம் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அனுபவமில்லாதவர்கள் அதைக் கிராங்க் பின்சீல் என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். சீலின் விலை அற்பம். டர்போவையும் இன்டேக்கையும் கழற்ற வேண்டியிருப்பதால் கூலிதான் மொத்தச் செலவும். அடுத்து, டர்போ வாயில் உள்ள ரப்பர் வளையம் கசிந்து ஆயில் கீழே உள்ள இன்டேக் மோட்டாரில் சொட்டி அதைக் கெடுக்கும். வண்டி சக்தி இழந்து நொண்டும். கூலர் வேலைக்குத் திறக்கும்போதே இந்த வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். மூன்றாவது, இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர். 'சப் சப்' என்ற சத்தமும் கேபினுக்குள் புகை வாசனையும் இருந்தால், மூடியைக் கழற்றிப் பாருங்கள், தார் போலக் கருப்பாகப் படிந்திருக்கும்.

புளூடெக் டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவம் வேண்டும். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் பழுதானால் "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். அந்தச் செய்தி இப்போது இல்லாவிட்டாலும், சென்சார் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

7. ஓட்டிப் பார்க்கும்போது

முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள், குளிர்ந்த நிலையிலிருந்து முழுச்சூடு வரை. ரேடியோ வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி 'டி'-யில் நிறுத்தினால் ஸ்டியரிங்கும் இருக்கையும் அதிர்ந்து, 'என்'-னுக்கு மாற்றியதும் அடங்கினால் இன்ஜின் மவுண்ட்கள் அமுங்கிவிட்டன. இது வழக்கமான தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை, விலையில் குறையுங்கள். மெதுவாக உருண்டு நிற்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இடித்துக்கொண்டு இறங்கினாலோ, குறைந்த வேகத்தில் லேசாக மிதித்தால் கோடுபோட்ட சாலையில் போவது போல நடுங்கினாலோ கியர்பாக்ஸில் கவனம் வேண்டும்.

திரைக் கேசட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஒருமுறை மேடுபள்ளத்தில் ஓட்டுங்கள். அப்போதும் பின்னால் லொடலொட என்றால் சத்தம் கேசட்டுடையது இல்லை.

8. லிஃப்ட், ஸ்கேனர்

இந்தப் படிக்குக் காசு செலவாகும். முன் படிகளில் தேறிய வண்டிக்கு மட்டும் செய்யுங்கள், மெக்கானிக்கை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

சக்கரங்கள் தொங்கும்போது ஏர் பெல்லோஸின் மடிப்புகள் விரிந்து வெடிப்புகள் தெரியும். அதற்குப் பிறகு பின் சப்ஃபிரேம், அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்கும் இரும்புச் சட்டம். உப்பு தூவும் சாலைகளில் ஓடிய வண்டிகளில் இது உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகிறது. கன்ட்ரோல் ஆர்ம்கள் பொருந்தும் இடங்களை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். புதிதாகக் கருப்பு மெழுகு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கியர்பாக்ஸின் மின் இணைப்புப் பிளக் ஓரம் ஆயில் ஈரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் தட்டில் வெடிப்பு, பின் டயர்களின் உள்விளிம்புத் தேய்மானம், இவை மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். டயர் உள்விளிம்பில் மட்டும் வழுக்கையாக இருந்தால் பின்பக்கம் நெடுநாள் தாழ்ந்தே ஓடியிருக்கிறது, நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

ஸ்கேனரில் இன்ஜினை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. எல்லா எலக்ட்ரானிக் பெட்டிகளையும் படித்து அச்செடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிழைகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், புகைக் கட்டுப்பாட்டுச் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் நேற்றுதான் பிழைகளை அழித்திருக்கிறார்கள். வெவ்வேறு பெட்டிகளில் பதிவான கிலோமீட்டரை டேஷ்போர்டோடு ஒப்பிடவும் சொல்லுங்கள். திருத்துகிறவர்கள் எல்லா இடத்திலும் திருத்துவதில்லை.

9. கணக்கும் பணமும்

கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதிக்குள் அடங்கும் வண்டியைத் தேடுங்கள். கையிலுள்ள முழுப் பணத்தையும் வண்டிக்கே போட்டுவிடுகிறவர்கள்தான் முதல் வருடத்தில் திண்டாடுகிறார்கள். பேரம் பேசும்போது "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதைவிட, பெல்லோஸ் ஜோடிக்கும் மவுண்ட்களுக்கும் மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீட்டை நீட்டுவது பலன் தரும். இன்ஷூரன்ஸ் தொகையை சேஸிஸ் நம்பர் கொடுத்து முன்பே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுத்தால் எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். மீதிப் பணம், பெயர் மாற்ற ஆவணங்களில் கையெழுத்தான அதே நேரத்தில், வங்கி வழியாக. இரண்டு சாவி, திரைக் கேசட், சக்கர லாக் போல்ட்டின் சாவித்துண்டு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அந்தச் சாவித்துண்டு இல்லாமல் பஞ்சரான டயரைக்கூடக் கழற்ற முடியாது.

10. வாங்கிய முதல் மாதம்

முதல் வாரத்தில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டர்களும். விற்பவர் "போன மாதம்தான் மாற்றினேன்" என்றாலும் மாற்றுங்கள். பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பில் இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயிலும் அதன் ஃபில்டரும். 7ஜி-ட்ரானிக் என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கில் இதை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்வதே என் பரிந்துரை. பழைய வகைக்கு 236.14 தரமுள்ள சிவப்பு ஆயில், 7ஜி-ட்ரானிக் பிளஸ்ஸுக்கு 236.15 தரமுள்ள நீலம். சேஸிஸ் நம்பரை வைத்து எது என்று உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள், கலக்காதீர்கள். கடைசிக் கட்ட 350 புளூடெக் சிலவற்றில் இருப்பது ஒன்பது கியர் 9ஜி, அதற்கு ஆயில் வேறு. அளவைக் குச்சி விட்டுப் பார்க்க முடியாது; ஆயில் சூடு 45 டிகிரி அளவில் இருக்கும்போது ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்தபடி சரிசெய்ய வேண்டும். அவசரப்படுகிற கடையில் இதைக் கொடுக்காதீர்கள்.

கூரை வடிகால்களை மெல்லிய நைலான் நூலால் துழாவிச் சுத்தம் செய்யுங்கள். அழுத்தக் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும். அது முடிந்ததும் டிக்கித் தரைக்கு அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்துவையுங்கள், அடுத்த பெரிய மழைக்குப் பிறகு தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் நனைந்திருந்தால் அந்தப் பக்கத்து டெயில் லேம்ப்பைக் கழற்றி கேஸ்கெட்டை முதலில் மாற்றுங்கள்; நடுவில் நனைந்திருந்தால் டிக்கிக் கதவின் ரப்பரையும் பின்வைப்பர் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள்.